பதினோராவது கட்டம்

போனை அப்படி வெடுக்குனு வெக்காதீங்க. நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்க வேண்டாம். பேங்குல இருந்துதானே கூப்பிட்டாங்க? எங்க சேவை எப்படி இருந்துச்சு, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எத்தனை குடுப்பீங்கன்னு கேட்டிருப்பாங்க. பக்கத்து சீட்டுல இருந்த எனக்கே கேட்டுச்சு. அந்தப் பொண்ணு இன்னைக்கு இன்னும் முப்பது பேருக்குப் போடோணும். நானும் ஒம்பது வருசம் அந்த வேலைதானுங்க பாத்தேன்.

எம்பேரு மரகதம். வீடு சிங்காநல்லூர்லயேதான். குண்டடத்துல எறங்கறேன். நீங்க தாராபுரமா? அப்பச் சரி, நேரம் இருக்குது.

நான் இருந்தது கேஸ் கீசர் பண்ற கம்பெனி. பேரு எதுக்குங்க, இப்பவும் நடந்துட்டுத்தான் இருக்குது. கேஸ் கீசர்னா தெரியுமல்ல? பாத்ரூம் சுவத்துல ஒரு பொட்டி. சிலிண்டர்ல இருந்து அதுக்கு ட்யூப் வரும். குழாயைத் திருப்புனா உள்ள குப்புனு தீ பத்தி வெந்நி கொட்டும். கரண்ட் வேண்டியதில்லை. பனிக்காலத்துல எங்களுக்கு நிக்க நேரமிருக்காது.

மொதல்ல நான் பில் போடற இடத்துலதான் இருந்தேன். மொதலாளி பையன் நவநீதன் படிச்சுட்டு வந்தப்புறந்தான் இந்த போன் வேலை. அவரு நல்ல பையனுங்க, அதை மொதல்லயே சொல்லிப் போடறேன். வந்த ஒடனே அப்பாகிட்ட கேட்டாரு, நம்ம பொருளை வாங்கினவங்க என்ன நெனைக்கறாங்கன்னு நமக்குத் தெரியுமான்னு. யாரும் திட்டலையே, அப்ப நல்லாத்தான் இருக்கும்னாரு அப்பா. திட்டறவன் நம்மகிட்ட வந்து திட்ட மாட்டான், பக்கத்து வீட்டுக்காரன்கிட்டத்தான் சொல்லுவான், நாமதான் கேக்கோணும்னாரு இவரு. என் கொரலு நல்லா இருக்குதுன்னு என்னைய ஒரு ரூம்ல உக்கார வெச்சாரு.

கேள்வி பத்தும் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து எழுதினதுதான். மாட்டறதுக்கு ஆள் சொன்ன நேரத்துக்கு வந்தாரா, தண்ணி போதுமான சூடு வருதா, திருகு லேசாத் திரும்புதா, நாலு பேருக்குச் சொல்லுவீங்களா, இப்படி. மாட்டி ஒரு மாசத்துல ஒருக்கா கூப்பிடறது, மூணு மாசம் கழிச்சு இன்னொருக்கா. ஒரு ஆளுக்கு ஒரு தாள். ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டு சாயங்காலம் கம்ப்யூட்டர்ல ஏத்தறது. மாசக் கடைசியில நவநீதன் அதை வெச்சுக் கோடு போட்டுக் காட்டுவாரு.

வேலைக்கு ஆகாததுன்னு நெனைக்காதீங்க. திருகுக் கேள்விக்கு மட்டும் நூறு பேர்ல அறுவது பேரு ரெண்டு, ஒண்ணுன்னு குடுத்தாங்க. ஏன்னு பாத்தா, எல்லாரும் வயசானவங்க. சோப்புக் கையோட திருப்பினா வழுக்குது. பட்டறையில இருந்த ஆம்பளைங்க அத்தனை பேரும் காஞ்ச கையிலதான் திருப்பிப் பாத்திருக்காங்க. எறக்கை வெச்ச மாதிரி திருகை மாத்துனாங்க. அடுத்த பனிக்கு சரக்குப் பத்தலை. அதைக் கண்டுபிடிச்சது என்னோட தாளுங்க.

எனக்கு ஒரு கைராசி உண்டு. நாலுன்னு சொல்ல வர்றவங்களை அஞ்சுன்னு சொல்ல வெச்சுருவேன். நாலுன்னா ஏதோ ஒரு கொறை இருக்குதுன்னு அர்த்தம் வரும், கொறை எதுவும் இல்லீங்கல்ல, அப்ப அஞ்சே போட்டுக்கட்டுமான்னு சிரிச்சுட்டே கேப்பேன். யாரும் மாட்டேன்னு சொன்னதில்லை. இன்னொரு பொண்ணும் அங்க போன் போட்டுச்சு, அதுக்கு நாலுக்கு மேல ஏறாது. எனக்கு எப்பவும் நாலே முக்காலுக்குப் பக்கம். இன்னைக்கு நெனைச்சாலும் பெருமையாத்தான் இருக்குது.

பத்துக்கும் கீழ பதினோராவதா ஒரு கட்டம் இருந்துச்சு. "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" அது நவநீதன்தான் வெச்சாரு. ஆனா அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாது. எழுத்தைக் கூட்டி வகுக்க முடியாதல்ல. அதனால அது தாளோடயே நின்னுரும். தாளு அட்டைப் பொட்டிக்குப் போயிரும். நானும் பாதித் தாளுல "இல்லை"ன்னு நானே போட்டுருவேன். கேட்டா சனங்க பேச ஆரம்பிச்சுருவாங்க. நாப்பது போன் போடோணுமே.

பூங்கோதைன்னு ஒரு பொண்ணு. குண்டடத்துக்குப் பக்கத்துல புதுசா வீடு கட்டி, கார்த்திகையில கீசர் மாட்டியிருந்தாங்க. டிசம்பர் ஒம்பதாந் தேதி கூப்பிட்டேன். இருபத்தாறு வயசு இருக்கும். வீட்டுக்காரர் பேரு சென்னியப்பன், தறி ஓட்டறாரு. அந்தப் பொண்ணு எல்லாக் கேள்விக்கும் நின்னு நிதானமாப் பதில் சொல்லுச்சு. மத்தவங்க எல்லாம் மேடம்பாங்க. இது எடுத்த எடுப்புல அக்கான்னுது. கடைசியில, குளிச்சுட்டு வந்தா கொஞ்ச நேரம் தலை கிறுகிறுங்குதுன்னு சொல்லுச்சு. பதினோராவது கட்டத்துல எழுதுனேன். "தலை சுத்தல்." எழுதுனேனுங்க. எழுதலைன்னு யாரும் சொல்ல முடியாது.

மூணு மாசம் கழிச்சு அடுத்த போன். ஆம்பளைக் கொரலு எடுத்துச்சு. பூங்கோதை இருக்காங்களான்னு கேட்டேன். இல்லீங்கன்னாரு. எப்ப வருவாங்க, நான் சாயங்காலம் கூப்பிடட்டுமான்னேன். நானும் லைன் போயிருச்சோன்னு ஹலோ ஹலோங்கறேன்.

"நீங்க எப்பக் கூப்பிட்டாலும் இல்லீங்க"ன்னாரு.

அப்பறம் அவரே சொன்னாரு. டிசம்பர் முப்பது. காலையில குளிக்கப் போயிருக்குது. இவரு தறிக்குப் போயிட்டு எட்டு மணிக்கு சாப்பிட வந்திருக்காரு. உள்ள தண்ணி ஊத்திட்டே இருக்குது. கூப்பிட்டா பதில் இல்லை. கதவை ஒடைச்சுத்தான் எடுத்தாங்க. அடிபடலை, ரத்தம் இல்லை, சும்மா சுவத்துல சாஞ்சு தூங்கற மாதிரி உக்காந்திருந்துச்சாம். தாராபுரம் டாக்டர் சொல்லியிருக்காரு, சின்ன ரூம்ல ஜன்னலைச் சாத்திட்டு கேஸ் எரிஞ்சா விசவாயு வரும், அதுக்கு வாசமும் கெடையாது, நெறமும் கெடையாது, தலை சுத்தும், அப்பறம் தூக்கம் வரும், அவ்வளவுதான்னு.

அதையெல்லாம் அவரு சொல்லச் சொல்ல, என் கையில பேனா. முன்னால தாளு. பத்துக் கட்டமும் காலி. என்னங்க எழுதறது? மேல ஓரத்துல "வாடிக்கையாளர் கிடைக்கவில்லை"ன்னு எழுதுனேன். ஆள் எடுக்கலைன்னா அப்படித்தான் எழுதோணும்னு சொல்லியிருந்தாங்க.

அன்னைக்கு நான் சாப்பிடப் போகலை. குடோன்ல அட்டைப் பொட்டிகளை எறக்கிப் பிரிச்சேன். மூணு வருசத்துத் தாளு, பத்தாயிரத்துக்கு மேல. பதினோராவது கட்டத்தை மட்டும் பாத்துட்டே வந்தேன். ரெண்டு நாளாச்சு. தலை சுத்துதுன்னு ஒண்ணு. கொழந்தை வாந்தி எடுத்துச்சுன்னு ஒண்ணு. மாமியார் உள்ளயே உக்காந்துட்டாங்கன்னு ஒண்ணு. குளிச்சா தூக்கம் தூக்கமா வருது. நெஞ்சு படபடங்குது. இருபத்தி மூணு தாளுங்க. எல்லாம் கார்த்திகையில இருந்து மாசிக்குள்ள. வெயில் காலத்துல ஒண்ணுகூட இல்லை. ஜன்னலைச் சாத்தற மாசத்துல மட்டும். படிக்காதவனுக்கே வெளங்கியிருக்கும்.

நான் ரெண்டோ மூணோ இருக்கும்னு நெனைச்சேன். மீதியெல்லாம் எனக்கு நெனப்பே இல்லை. எழுதுனது வேற ஆரோன்னு பாத்தா, இருபத்தி மூணும் என் கையெழுத்து.

நவநீதன் மேசையில கொண்டுபோய் வெச்சேன். ஒவ்வொண்ணாப் படிச்சாரு. எந்திரிச்சுப் போயி மூஞ்சி கழுவிட்டு வந்தாரு. பூங்கோதை தாளுல தேதியைப் பாத்தாரு. ஒம்பதாந் தேதிக்கும் முப்பதாந் தேதிக்கும் நடுவுல இருபத்தியொரு நாளு. அதை அவரு வாய்விட்டுச் சொல்லலை, விரல் மட்டும் மேசையில நவுந்துச்சு. அந்தத் தாளை மட்டும் எடுத்து டிராயர்ல வெச்சாரு. "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டுங்க. மத்த வீடுகளைப் பாப்போம்"னாரு.

பாத்தோமுங்க. அதுல கொறை சொல்ல முடியாது. அடுத்த நாள்ல இருந்து மாட்டற ஆளுங்க எல்லாரும் அதே வேலை. வித்த ஒவ்வொரு வீட்டுக்கும் போயி, பொட்டியைக் கழட்டி வெளிச் சுவத்துல மாட்டறது, முடியாத எடத்துல புகை போறதுக்குப் பைப் வெக்கறது, ஜன்னல் இல்லாத எடத்துல ஓட்டை போடறது. நான் போன் போட்டு, ஜன்னலைத் தொறங்க, ஆளு வர்ற வரைக்கும் கீசர் போடாதீங்கன்னு சொல்லிட்டே இருந்தேன். அதுக்கப்பறம் ஒரு உசுரு போகலை. எத்தனை உசுரை அந்தத் தாளு காப்பாத்துச்சுன்னு யாருக்குங்க தெரியும்? கேட்டதாலதானே தெரிஞ்சுது.

ஆனா எனக்கு வேலை கெட்டுப்போச்சு. போன் போட்டா, பின்னாடி தண்ணிச் சத்தம் கேக்குதான்னே காது போகுது. ஒருக்கா பொள்ளாச்சியில ஒரு பெரியவரு. பேசிட்டு இருக்கறப்ப பின்னால தண்ணி ஊத்தற சத்தம். யாருங்க குளிக்கறதுன்னேன். மருமவதாங்கன்னாரு. கதவைத் தட்டுங்கன்னேன். எதுக்குன்னாரு. தட்டுங்க, தட்டுங்கன்னு நான் கத்தறேன். பாவம், அவரும் பயந்து போயி தட்டி, அந்தப் பொண்ணு துண்டைச் சுத்திட்டு ஓடி வந்து, போனை வாங்கி என்னையக் கேட்டா பாருங்க ஒரு கேள்வி. அவங்க வீட்டுல எங்க கீசரே வெளியிலதான் இருந்திருக்குது. கம்பெனிக்குப் புகார் வந்துருச்சு. நாப்பது போன் போட்ட எடத்துல பதினஞ்சு கூடப் போட முடியலை. ஒவ்வொருத்தரும் அஞ்சுங்கறப்ப எனக்குப் பூங்கோதை கொரல்லயே கேக்குதுங்க. "அஞ்சே போட்டுக்குங்கக்கா." மரகதம், கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருங்கன்னாரு நவநீதன். நாலு வருசமாச்சு.

குண்டடத்துக்கு மொதல்ல போனது கம்பெனி ஆளோட. எழவு விசாரிக்கற மாதிரி. சென்னியப்பன் கீசரை முன்னாலயே கழட்டியிருந்தாரு. புது டைல்ஸ்ல நாலு ஆணி ஓட்டை. அவருக்கு என்னைய விட பதினஞ்சு வயசு கம்மி. சத்தம் போடுவாருன்னு நெனைச்சேன். உக்காருங்கன்னு சொல்லிக் காப்பி வெச்சுக் குடுத்தாரு. சக்கரை போட மறந்துட்டாரு, நாங்களும் சொல்லலை. கெளம்பறப்ப, "கம்பெனியில ஒரு அக்கா போன்ல பேசுச்சுங்களாமா. ரொம்பப் பாசமாப் பேசுச்சுன்னு ரெண்டு நாளாச் சொல்லிட்டிருந்தா. அவங்களை நீங்க பாத்தாச் சொல்லுங்க"ன்னாரு.

சரிங்க, சொல்றேன்னுட்டு வந்துட்டேன். மறு மாசம் நானாப் போனேன். அந்த அக்கா நாந்தான்னு சொன்னேன். அதைச் சொன்னேனுங்க. அவரு கையைப் புடிச்சுட்டு அழுதாரு. வாங்கக்கா, வாங்கக்கான்னாரு.

அப்பறம் அவரு சொன்னாரு, பூங்கோதை அவருகிட்டயும் தலை சுத்துதுன்னு சொல்லியிருக்குது. ரத்தம் கம்மியா இருக்கும்னு இவரு நெனைச்சுட்டாரு. வாசல்ல முருங்கை மரம். தெனமும் தறிக்குப் போறதுக்கு முன்னால கீரை ஒடிச்சுப் போட்டுட்டுப் போவாராம், செஞ்சு தின்னுன்னு. அந்தப் பொண்ணுக்குக் கீரை உருவறதுக்குச் சலிப்பு. இவரே உக்காந்து உருவிக் குடுப்பாராம். அன்னைக்கும் உருவி வெச்சுட்டுத்தான் போயிருக்காரு. இதைச் சொல்லிட்டு எம் மூஞ்சியைப் பாத்துக் கேட்டாரு.

"உங்ககிட்டச் சொன்னாளாக்கா? தலை சுத்துதுன்னு?"

இப்ப உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நான் மொதல்ல சொன்னப்ப அதை விட்டுட்டேன். அந்தப் பொண்ணு சும்மா தலை சுத்துதுன்னு மட்டும் சொல்லலை. கேட்டுச்சு. "அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? இது அந்த மிசினாலயா இருக்குமா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு அப்ப மணி ஒண்ணரை, இருபத்தெட்டாவது போன் அது. நான் சொன்னேன், "வெந்நி சூடா ஊத்துனா அப்படித்தான் கண்ணு இருக்கும். வெறும் வயித்துல குளிக்காத." சரிங்கக்கான்னுச்சு. கடைசிக் கேள்விக்கு நாலுன்னு சொல்லியிருந்துச்சு. அதையும் மாத்த வெச்சேன். மொத்தத்துல அஞ்சு போட்டுக்கட்டுமா கண்ணுன்னேன். போட்டுக்குங்கக்கான்னுச்சு.

எனக்கு என்னங்க தெரியும்? எனக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா? நான் போன் பேசற ஆளு. டாக்டரா, இன்ஜினியரா?

அவருகிட்ட, இல்லீங்க தம்பி, எதுவும் சொல்லலை, எல்லாத்துக்கும் அஞ்சு குடுத்துச்சு, சந்தோசமாப் பேசுச்சுன்னு சொன்னேன்.

அவரு தலையைக் குனிஞ்சுட்டாரு. அப்பறம் மெதுவா, "அப்ப எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கா"ன்னாரு.

ஆமான்னு தலையாட்டுனேன். புருசன்கிட்டதானே மனசு விட்டுச் சொல்லுவாங்க. அதுல ஒரு ஆறுதல் இருக்குமல்ல.

அப்ப இருந்து மாசம் ஒருக்கா போயிட்டு வர்றேன். ஏதாச்சும் பலகாரம் செஞ்சு எடுத்துட்டுப் போவேன். என்னையப் பாத்தா அவரு மனசு லேசாகுதுன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேப்பாரு. நல்லா நெனைச்சுப் பாத்துச் சொல்லுங்கக்கா, ஒரு வார்த்தைகூடச் சொல்லலையாம்பாரு. இல்லை தம்பி, சந்தோசமாத்தான் பேசுச்சும்பேன். அதைத் திருப்பித் திருப்பிக் கேக்கறதுல அவருக்கு ஒரு நிம்மதின்னு நெனைச்சேன். போன வருசம் போனப்ப அந்த முருங்கை மரத்தை அடியோட வெட்டியிருந்தாரு. கம்பளிப்பூச்சி புடிச்சிருக்கும், முருங்கைன்னா அது வரும். ஆளும் மெலிஞ்சுதான் இருக்காரு. தனியாச் சமைச்சுச் சாப்பிடறதுன்னா ஆம்பளைக்குக் கஷ்டந்தானே.

போன மாசம் அவரோட அக்கா ருக்மணி வந்திருந்துச்சு. மொரட்டுப் பொம்பளை. பஸ்ஸுக்கு என்னோட நடந்து வந்துச்சு. பஸ்ஸு தெரிஞ்சப்பறம் சொல்லுச்சு.

"நீங்க வந்துட்டுப் போனா அவன் நாலு நாளைக்குச் சாப்பிடறதில்லீங்க. வராதீங்கன்னு சொன்னா அதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கறான். அவன் உங்களைப் பாக்கறதுக்குக் காத்திருக்கலை. நீங்க ஒருக்காவாச்சும் வேற பதில் சொல்ல மாட்டீங்களான்னு இருக்கான்."

பஸ்ஸுல ஏறி உக்காந்தேன். சூலூர் வர்ற வரைக்கும் அந்தப் பொம்பளை மேல கோவந்தான். தம்பிகிட்ட இருந்து என்னையப் பிரிக்கப் பாக்குதுன்னு. வீட்டுக்குப் போயி வெளக்கைப் போட்டப்பறந்தான் தோணுச்சு. வேற பதில்னா என்னங்க வேற பதில்? எங்கிட்டயும் அவ சொன்னாங்கறதுதானே. புருசன்கிட்டச் சொன்ன மாதிரியே கம்பெனிக்காரிகிட்டயும் சொன்னா, அவளும் கவனிக்கலைங்கறதுதானே. அது அவருக்கு எதுக்குன்னு நாலு வருசமா நான் நெனைச்சே பாக்கலை. சொன்னா என்னைய வெட்டிப் போடுவாருன்னு மட்டுந்தான் நெனைச்சுட்டு இருந்தேன்.

வெட்டினாலும் பரவால்லீங்க. அதுக்கு நான் பயப்படலை. எனக்குன்னு வீட்டுல யாரும் இல்லை. வீட்டுக்காரர் போயி பன்னெண்டு வருசம். கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கான், ஒரு எடத்துத் தகராறுல பேச்சுவார்த்தை நின்னு போச்சு. ஒம்பது வருசத்துல எத்தனையோ ஆயிரம் பேருகிட்டப் பேசியிருக்கேன், என்னைய யாரும் அக்கான்னு கூப்பிட்டதில்லை. அந்த வீட்டுல ரெண்டு பேரு கூப்பிட்டாங்க. ஒருத்தி இல்லை.

கண்டக்டர் குண்டடம்ங்கறாருங்களா? ஆமா, வந்துருச்சு. அந்தப் பையை எடுத்துக் குடுங்க. பலகாரந்தான், கச்சாயம் சுட்டு எடுத்துட்டு வந்தேன்.

இந்த ஒரு மாசமா அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கேன். "ஆமா தம்பி, எங்கிட்டயும் சொன்னா." அவ்வளவுதான், நாலே வார்த்தை. அடுப்படியில சொல்லிப் பாத்தேன், வந்துச்சு. சிங்காநல்லூர் ஸ்டாண்டுல நின்னுட்டு வாய்க்குள்ள சொன்னேன், வந்துச்சு. இப்ப உங்ககிட்டயே சொல்லியாச்சு. ஸ்டாப்புல இருந்து அந்த வீட்டுக்கு அரை மைல் இருக்கும், வழியெல்லாம் சொல்லிட்டே போவேன். கேட்டு தொறக்கற சத்தத்துக்கு அவரு வெளிய வருவாரு. சட்டையைப் போட்டுட்டே வருவாரு. வாங்கக்காம்பாரு.

அந்த எடத்துலதானுங்க அந்த நாலு வார்த்தை நின்னு போகுது.